எந்த நாகா?

நம் சங்க மலரில் சமணம் பற்றியும் ஐம்பெருங்காப்பியம் பற்றியும் நான் எழுதியவற்றைப் பொறுமையோடு படித்துவரும் அன்பர்கள், "பாத்திரக்கடைக்காரருக்கு நாகாலாந்தில் என்ன வேலை?" என்று இந்த முறை கேட்கக்கூடும். வேலை என்பதைவிடக் கடன் என்று சொல்வதே பொருத்தம். வியாபாரி கடனைத் தள்ளிப்போடலாம், மறக்கக்கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன் கொண்டாப்பூரில் நடந்த நம் ஆண்டு விழாவில் 'பாரத விழாக்கள்' என்று ஒரு நிகழ்ச்சி வைத்தோம். பிள்ளைகள் பொங்கல், ஓணம், பதுக்கம்மா, பிஹு எல்லாம் ஆடிக் காட்டினார்கள். கடைசியில் 'நாகா நடனம்'. வண்ணத்தாளில் செய்த இறகுக் கிரீடம், மூங்கில் ஈட்டி, சில்பாராமத்தில் வாங்கிவந்த சிவப்பும் கருப்புமான போர்வை. அதற்கு விளக்க உரை எழுதிப் படித்தவன் அடியேன்தான். வேட்டையாடி விருந்துண்டு, மது அருந்தி, ஆடிப் பாடி மகிழ்வதே அம்மக்களின் திருவிழா என்று எழுதினேன். அதோடு விட்டேனா? மணிமேகலையில் சாதுவன் கண்ட நாகர் இவர்களே என்று ஒரு போடும் போட்டேன். நல்ல கைத்தட்டல்.

நிகழ்ச்சி முடிந்து இரவுச் சாப்பாடு. நமது உறுப்பினர் ஒருவரோடு வேலை பார்க்கும் ஒரு பெண் விருந்தினராக வந்திருந்தார். ஊர் நாகாலாந்தில் வோக்கா மாவட்டம் என்று அறிமுகம் செய்தார்கள். நான் பெருமையோடு, "எங்க பிள்ளைங்க ஆட்டம் எப்படிம்மா இருந்துச்சு?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். "நல்லா ஆடினாங்க அங்கிள். ஆனா அது எந்த நாகா?" என்றார்.

எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவரே சொன்னார். தலையில் இருந்தது கொன்யாக் இனத்தார் வைப்பதைப் போல. போர்வை ஆவோ இனத்தாருடையது. பாட்டு இரண்டு பேருடையதும் இல்லை. அவர் லோத்தா. ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாது. அந்தப் போர்வைக்கு ஆவோ மொழியில் சுங்கோதெப்சு என்று பெயர். நடுவில் ஓடும் வெள்ளைப் பட்டையில் மிதுன் மாடு, சேவல், புலி, யானை, மனிதத் தலை என்று கையால் எழுதிய உருவங்கள் இருக்கும். பகைவன் தலையைக் கொண்டுவந்தவனோ, மிதுனைப் பலியிட்டு ஊருக்கு விருந்து வைத்தவனோதான் முன்காலத்தில் அதைப் போர்த்தலாம். ஆண்கள் போர்வை அது. நாம் அதை ஏழு வயதுப் பெண் குழந்தைக்குக் கட்டிவிட்டிருந்தோம்.

அதற்குள் அவர் கண் என் கையைப் பார்த்தது. "நீங்க ஏன் சாப்பிடலை?" பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை, நாங்கள் தமிழ்ச் சமணர், அது எங்கள் விரதம் என்றேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, "எங்க ஊர்லயும் திருவிழான்னா முதல்ல நிறுத்தறதுதான். எமோங்னு சொல்வோம்" என்றார்.

அந்த ஒரு சொல்லைத் துரத்திக்கொண்டுதான் அப்புறம் இரண்டு வருஷம் படித்தேன். படித்ததில் எனக்கு ஏற்பட்ட முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாகா மக்களின் விழாவைப் பற்றி எழுதிய பெரும்பாலோர், என்னையும் சேர்த்து, ஆட்டத்தைப் பார்த்தோமே தவிர நிறுத்தத்தைப் பார்க்கவில்லை.

லோத்தா மக்களின் பெருவிழாவுக்கு தோக்கு எமோங் என்று பெயர். அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்தபின் வருவது. இப்போது நவம்பர் 7 என்று தேதி குறித்திருக்கிறார்கள். 'தோக்கு' என்பது வீடு வீடாகப் போய் உண்டு குடித்துக் கொடுத்து வாங்குவதைக் குறிக்கும். 'எமோங்' என்பது குறித்த காலத்தில் நின்றுபோவது. பெயரில் பாதி கொண்டாட்டம், பாதி ஓய்வு. நான் அந்த விளக்க உரையில் முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தவன். விழா தொடங்கும்முன் ஊரில் வெளியார் யாராவது இருந்தால், பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் விழா முடியும்வரை ஊருக்குள்ளேயே தங்கிவிட வேண்டும் என்பது பழைய விதி. பூசாரி வீடு வீடாக வந்து நெல் வாங்குவார். அந்த ஆண்டில் இறந்தவர்களுக்கு வீட்டார் கடைசிக் கடன் செய்வதும் இந்த நாட்களில்தான். செத்தவர் கணக்கை முடிக்காமல் புது வருஷம் பிறப்பதில்லை. இது வெறும் ஆட்டமா?

அங்காமி மக்களின் செக்ரெனியைப் பாருங்கள். பிப்ரவரி 25-ஐ ஒட்டி வருவது. பெயர் பெற்ற அதன் பாட்டும் கூத்தும் பின்னால்தான். முதலில் நீர். ஊர்க் கிணற்றை முந்தின இரவே துப்புரவு செய்து, யாரும் தொட்டுவிடாதபடி இளைஞர்கள் காவல் இருப்பார்கள். விடியுமுன் ஆண்கள் போய் அந்த நீரைத் தெளித்துக்கொண்டு பழைய ஆண்டின் தீமையைக் கழிப்பார்கள். இந்தத் தடை நாட்களுக்கு அங்காமி மொழியில் 'கென்னா' என்று பெயர். விலக்கப்பட்டது என்று பொருள். வெள்ளைக்காரத் துரைகள் அதை 'கென்ன' என்று திரித்து எல்லா நாகா இனத்துக்கும் பொதுச் சொல்லாக்கிவிட்டார்கள். வயலுக்குப் போகக்கூடாது, தறியில் உட்காரக்கூடாது, அந்நியரோடு பேசக்கூடாது என்று தடைகள் நாளுக்கு நாள், ஊருக்கு ஊர் வேறுபடும். பர்வ நாட்களில் பச்சைக்காய் நறுக்காமல் இருக்கும் எங்கள் பாட்டிமார்களுக்கு இதைச் சொல்லியிருந்தால், "இதுல என்னடா அதிசயம்?" என்று கேட்டிருப்பார்கள்.

துரைகள் இதைக் கவனிக்கவில்லை என்று சொன்னால் நான் பாவியாவேன். ஹட்டன் 1921-லேயே அங்காமி, சேமா இனத்தார் பற்றி இரண்டு பெரிய நூல்கள் எழுதினார். மில்ஸ் 1922-ல் லோத்தா, 1926-ல் ஆவோ, 1937-ல் ரெங்மா என்று மூன்று. இருவரும் அந்த மலை ஜில்லாவின் அதிகாரிகள். தடை நாட்களைக் கணக்கர் கண்ணோடு ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதிகாரிக்குத் தடை நாள் என்றால் அன்றைக்குக் கூலியாள் கிடைக்கமாட்டான் என்று அர்த்தம். அந்தச் சலிப்பு வரிகளுக்கு நடுவே எட்டிப் பார்க்கிறது என்பது என் தாழ்மையான கருத்து.

இவர்களுக்கு அடுத்து வந்தவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் நம் ஐதராபாத்துக்காரர் ஆகிவிட்டவர். கிறிஸ்டோஃப் ஃபான் ஃபியூரர்-ஹைமண்டார்ஃப். 1909-ல் வியன்னாவில் பிறந்தவர். 1936-37-ல் வாக்சிங் என்ற கொன்யாக் ஊரில் தங்கி ஆய்வு செய்து, 1939-ல் 'நிர்வாண நாகர்' என்று பொருள்படும் தலைப்பில் நூல் வெளியிட்டார். தலைப்பே வியாபாரத் தலைப்பு; இதை ஒரு வியாபாரி சொன்னால் நம்பலாம். நூல் படிக்கச் சுவையானது. அம்மக்களோடு சேர்ந்து உண்டு, அவர்களோடு நடந்து, அவர்கள் மொழியைக் கற்று எழுதியது. அந்த அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் ஓர் இடம் என்னைத் தூங்கவிடவில்லை. 1936-ன் இறுதியில் மில்ஸ் தலைமையில் பங்ஷா என்ற ஊர்மீது தண்டனைப் படை போயிற்று. ஹைமண்டார்ஃப் கூடப் போனார். அங்கே கிடைத்த மனிதத் தலைகளைக் கூடையில் வைத்து வாக்சிங்குக்குக் கொண்டுவந்தார். தலை கொய்வது அரசால் தடுக்கப்பட்டுப் பல காலம் ஆகியிருந்த ஊர். புதுத் தலை வந்ததும் பழைய தலைவிழா திரும்ப எழுந்தது. இளைஞர்கள் ஆடினார்கள், இவர் படம் எடுத்தார், குறிப்பு எழுதினார். கேட்கிறேன்: இது யாருடைய விழா? வாக்சிங் மக்களுடையதா, ஆய்வாளருடையதா? பார்க்க வந்தவன் முதல் போட்டு நடத்தின விழாவை, பழங்காலம் தொட்டு வருவது என்று பதிவு செய்யலாமா? அவர் நடந்ததை மறைக்கவில்லை, தானே எழுதியிருக்கிறார். படித்த நாம்தான் அந்தக் கூடையை மறந்துவிட்டு ஆட்டத்தை மட்டும் நினைவில் வைத்தோம்.

பிறகு உலகப்போர் வந்தது. கையில் ஜெர்மானியக் கடவுச்சீட்டு இருந்ததால் பகைநாட்டவர் என்று ஆகி, நிஜாம் ராஜ்யத்துக்குள் இருக்கும்படி ஆயிற்று. அதனால்தான் செஞ்சு, கொண்டரெட்டி, ராஜகோண்டு மக்கள் பற்றிய அவருடைய நூல்கள் 1943, 1945, 1948-ல் வந்தன. 1940-ல் ஜோடேகாட்டில் குமரம் பீம் சுடப்பட்டபின் அடிலாபாத் கோண்டு மக்களின் மனக்குறை என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் நிஜாம் அரசுக்கு ஏற்பட்டிருந்தது. அங்கே கேஸ்லாப்பூரில் புஷ்ய அமாவாசையன்று நாகோபா ஜாத்திரை. மெஸ்ராம் குலத்தார் கோதாவரி நீரைக் கால்நடையாகக் கொண்டுவந்து நாகதேவனுக்கு நீராட்டுவார்கள். புது மருமகள்களைத் தெய்வத்துக்கு அறிமுகம் செய்வார்கள். அந்த ஜாத்திரையில் அதிகாரிகளை உட்காரவைத்துக் குறை கேட்கும் தர்பாரை 1940-களில் ஏற்படுத்தியவர் இதே ஹைமண்டார்ஃப். ஜாத்திரையோடு தர்பார் கூடும் வழக்கம் அவர் காலத்துக்குப் பின்னும் நிலைத்துவிட்டது.

ஒரே மனிதர். ஒரு விழாவுக்குத் தலைகளைக் கொண்டுபோனார், இன்னொரு விழாவுக்குத் தாசில்தாரைக் கொண்டுபோனார். இரண்டுமே வெளியிலிருந்து நுழைந்தவைதான். இருந்தாலும் முதலாவது, பார்க்க வந்தவனுக்குப் பயன்பட்டது. இரண்டாவது, நிலத்துக்குப் பட்டா இல்லாமல் தவித்த மக்களுக்குப் பயன்பட்டது. இதைத் தவிர வேறு அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. அவர் மனைவி பெட்டி 1987-ல் காலமானபோது அடிலாபாத் பக்கத்து மார்லவாய் கிராமத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் 1995-ல் லண்டனில் மறைந்தார். அவருடைய அஸ்தியும் பிற்பாடு அதே கிராமத்துக்கு வந்து சேர்ந்தது. வாக்சிங்குக்கு அல்ல, மார்லவாய்க்கு.

இனி, எனக்குத் தொண்டையில் சிக்கிய முள். மிதுன் பலி.

ஆடம்பரமான அந்தக் கொம்பு மாட்டை நாகா மக்கள் ஏரில் பூட்டுவதில்லை, பால் கறப்பதில்லை. காட்டோரம் மேயவிட்டு, புண்ணிய விருந்துக்குப் பலியிடத்தான் வைத்திருந்தார்கள். வசதியுள்ளவன் படிப்படியாக, ஒன்றைவிட ஒன்று பெரிதாக, ஊர் முழுவதுக்கும் விருந்து வைப்பான். ஒவ்வொரு படிக்கும் ஓர் உரிமை. ஒரு படியில் இன்ன போர்வை, இன்னொரு படியில் வீட்டு முகப்பில் மரக்கொம்பு. அங்காமி ஊர்களில் பெரிய கல்லை ஊரே கூடி இழுத்துவந்து அவன் பெயரில் நட்டு வைக்கும். அஹிம்சையைப் பிறப்போடு ஏற்றவன் இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவைப்பதுதான் இயல்பு. நானும் மூடினேன். ஒரு மாதம் தொடவில்லை.

திரும்பத் திறக்க வைத்தது என் கணக்குப் புத்தி. அந்த விருந்தை வரவு செலவாக எழுதிப் பார்த்தேன். செலவுப் பத்தியில் பல வருஷ நெல், மாடு, பன்றி, அரிசிக் கள். வரவுப் பத்தியில் ஒரு போர்வை, இரண்டு மரக்கொம்பு, ஒரு கல். நம்மூர் மொய் விருந்தில்கூடப் போட்டது திரும்பி வரும். இதில் சரக்கு திரும்பாது. ஒரு வீட்டில் குவிந்தது ஊர் வயிற்றுக்குப் போய், குவித்தவனுக்கு மரியாதை மட்டும் மிஞ்சும். நாங்களும் கோயில் விழாவில் முதல் அபிஷேகத்துக்கு ஏலம் கேட்கிறவர்கள்தான். எங்கள் நால்வகைத் தானத்தில் ஆகார தானம் முதலில் நிற்பது. அதே தானப் பட்டியலில் அபய தானமும் நிற்கிறதே, அந்த மிதுனுக்கு யார் அபயம் தந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கொலையை நான் ஒப்பவில்லை, ஒப்பவும் மாட்டேன். ஆனால் கொலையைக் கண்டு முகம் திருப்பிக்கொண்டதில் கொடையையும் பார்க்காமல் விட்டேன். அது கணக்குப் பிழை.

இந்தப் பிழையை என்னைவிடப் பெரிய அளவில் செய்தவர்கள் பாதிரிமார்கள். 1872-ல் கிளார்க் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் பாதிரியார் ஆவோ நாட்டுக்கு வந்தார். எழுத்தும் பள்ளியும் வந்தது அவர்களால்தான். அந்த நன்றியை நாகா எழுத்தாளர்களே சொல்கிறார்கள். ஆனால் பலியும் கள்ளும் கூடாது என்று புண்ணிய விருந்தையே நிறுத்தினார்கள். விருந்து போனதும் நெல் எங்கே போயிற்று? இருந்த வீட்டிலேயே இருந்தது. மில்ஸும் ஹைமண்டார்ஃபும் இதற்காகப் பாதிரிகளைக் கடிந்து எழுதியது நியாயம்தான். இருந்தாலும் மலைமக்கள் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும் என்ற ஆசையும் அதில் கலந்திருக்கிறது. பண்டம் பழசாக இருந்தால்தான் விலை என்று நினைக்கும் பழம்பொருள் வியாபாரியின் ஆசை அது.

அவர்களே எழுதியதைப் படித்தபோது வேறு காற்று வீசிற்று. ஈஸ்டரின் கீரே 2003-ல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல் ஒன்று, 1879-80-ல் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற கோனோமா ஊரைப் பற்றியது. அதில் தடை நாளும் விழாவும் தனி அத்தியாயமாக மேடை ஏறுவதில்லை. நாற்று, களை, அறுவடை என்ற வேலைகளுக்கு நடுவே, ஒரு வீட்டு அடுப்பங்கரையிலிருந்து தெரிகிறது. 2022-ல் மறைந்த தெம்சுலா ஆவோ தம் ஆவோ மக்களின் வாய்மொழி மரபைப் பற்றி 1999-ல் தனி நூலே எழுதினார். துரைகளின் நூலில் என்ன செய்கிறார்கள் என்று இருக்கும். இவர்கள் எழுத்தில் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சமும் இருக்கிறது. தமிழில் இவை முழுமையாக வந்தால் நம் பிள்ளைகள் இறகுக் கிரீடத்துக்கு அப்பால் போவார்கள்.

மேடை என்றதும் ஹார்ன்பில் விழாவைச் சொல்லாமல் முடியாது. 2000-ல் மாநில அரசு தொடங்கியது. கோஹிமாவிலிருந்து சுமார் 12 கிலோமீட்டரில் கிசாமா என்ற இடத்தில், மாநிலம் பிறந்த டிசம்பர் 1 தொடங்கிப் பத்து நாள். விதைப்புக்கு முன் வருவது, விதைப்புக்குப் பின் வருவது, அறுவடைக்குப் பின் வருவது எல்லாம் ஒரே குன்றில் அடுத்தடுத்து ஆடப்படுகிறது. பொங்கலையும் ஆடிப்பெருக்கையும் கார்த்திகைத் தீபத்தையும் ஒரே வாரத்தில் டிக்கெட் போட்டுக் காட்டினால் எப்படி? நிறுத்தம் என்பதை மேடையில் காட்டவும் முடியாதே; யாரும் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க யார் விமானம் ஏறி வருவார்கள்? ஆனாலும் ஒன்று. ஒருவரை ஒருவர் தலைக்காகத் தேடிய ஊர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது ஒரே அரங்கில் ஒருவர் பாட்டுக்கு மற்றவர் கை தட்டுகிறார்கள். இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அட்சய திருதியை ஆதிநாதர் நெடுநாள் நோன்பை முடித்துக் கரும்புச்சாறு ஏற்ற நாள் என்று நான் சொன்னால், என் கடைப் பையன்களே "நகைக்கடை ஆஃபர் நாளா சார்?" என்கிறார்கள். தீபாவளி மகாவீரர் நிர்வாணம் அடைந்த நாள் என்றால் சங்கத்திலேயே சிரிப்பவர்கள் உண்டு. நானே இப்படிப் புண்பட்டவன். அப்படியிருந்தும் இன்னொருவர் விழாவை வேட்டை, மது, ஆட்டம் என்று மூன்று சொல்லில் முடித்தேன் பாருங்கள்.

மணிமேகலை விஷயத்தையும் தீர்த்துவிடுகிறேன். காப்பிய நாகரையும் வடகிழக்கு மலைமக்களையும் ஒன்றாக்க, பெயர் ஒற்றுமையைத் தவிர ஆதாரம் இல்லை. 'நாகா' என்பது வெளியார் வைத்த பொதுப்பெயர். தன்னைக் கேட்டால் ஒருவர் லோத்தா என்பார், ஒருவர் ஆவோ என்பார். ஆகவே நான் மேடையில் சொன்னது தவறு. ஆனால் அந்தக் கதையைத் திரும்பப் படித்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. கப்பல் கவிழ்ந்து கரை ஒதுங்கிய வணிகன் சாதுவன் பிழைத்தது தவத்தால் அல்ல. அந்த நாகரின் மொழி அவனுக்குத் தெரிந்திருந்ததால். கொல்லாதே என்று அவர்கள் தலைவனுக்கு அவன் சொன்னதும், தலைவன் கேள்வி கேட்டு, விருந்து கொடுத்து, நட்பான பிறகுதான். முழுக்க விடமுடியாது என்று தலைவன் சொன்னபோது, மூப்பால் செத்த விலங்கை மட்டும் உண் என்று இறங்கி வந்தான். நீலகேசி எழுதிய எங்கள் புலவர் இதை ஒப்பமாட்டார். பௌத்தரின் புலால் வழக்கத்தைப் பிடித்து உலுக்கியவர் அவர். ஆனால் சாதுவன் வியாபாரி. எங்கே இறங்க வேண்டும் என்று தெரிந்தவன்.

இதை அந்த லோத்தாப் பெண்ணிடம் சொன்னேன். எங்களுக்குக் கொல்லாமையைச் சொல்லித்தர வெளியிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை என்றார், கோபமில்லாமல். பிறகு பாங்தி ஊரைப் பற்றிச் சொன்னார். வோக்கா மாவட்டத்தில் தோயாங் நீர்த்தேக்கத்துக்கு அக்டோபர், நவம்பரில், அதாவது தோக்கு எமோங் பருவத்தில், அமூர் வல்லூறுகள் லட்சக்கணக்கில் வந்து இறங்கும். வட ஆசியாவிலிருந்து வந்து, அரபிக் கடலைத் தாண்டித் தென்னாப்பிரிக்கா வரை போகும் சிறு பறவை. 2012-ல் அவற்றை வலைபோட்டு ஆயிரமாயிரமாகப் பிடித்து விற்ற படங்கள் வெளியாகி உலகமே பதறியது. அடுத்த ஆண்டு, 2013-ல், ஒன்றுகூடப் பிடிபடவில்லை. அரசும் திருச்சபையும் பறவை ஆர்வலர்களும் பேசினார்கள் என்பது உண்மை. ஆனால் பிடிக்கக்கூடாது என்று முடிவெடுத்து அபராதம் விதித்தது ஊர்சபை. ஊர் 'நிறுத்து' என்றால் எல்லாரும் நிற்கும் பழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்த இடத்தில்தான், ஒரே வருஷத்தில் இது சாத்தியம் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் சாத்திரத்தில் இதற்குப் பெயர் அபய தானம். அவர்கள் மொழியில் என்ன பெயர் என்று கேட்டேன். "பெயரெல்லாம் இல்லை அங்கிள், ஊர் சொல்லிச்சு" என்றார்.

இந்த ஆண்டு விழாவுக்கும் நாகா நடனம் போடலாமா என்று நிகழ்ச்சிக் குழுவில் கேட்டார்கள். எந்த நாகா என்று திருப்பிக் கேட்டேன். கூட்டம் சிறிது அமைதியானது. போர்வை மட்டும் மடித்தபடி என் கடையின் மேல்தட்டில் இருக்கிறது. "அதையாவது யாருக்காவது கொடுத்துடலாமே" என்றார் செயலாளர். களஞ்சியம் காலியாகும்வரை ஊருக்குச் சோறு போட்டவர் நம் சங்கத்தில் யாராவது இருந்தால் பெயரைச் சொல்லுங்கள், வீட்டுக்கே கொண்டுவந்து போர்த்திவிட்டு வருகிறேன் என்றேன். இன்னும் யாரும் சொல்லவில்லை.